சபுராளி வீட்டுச் சில்லறை: வெளிநாட்டு நாணயங்களை முறையாக விற்பது எப்படி?



நம் கடற்கரை ஊர்களில் சபுராளி இருந்த வீடுகளில் பெரும்பாலும் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். அதைத் திறந்தால் சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், கொழும்பு, துபாய், குவைத், சவூதி என்று ஒரு தலைமுறையின் பயணங்கள் முழுவதும் சில்லறையாகக் கிடக்கும். ஊருக்குப் புறப்படும் நாளில் சட்டைப் பையில் மிஞ்சியவை அவை. நோட்டுகளை மாற்றிக்கொள்ள ஆள் உண்டு. நாணயங்களைப் பணமாற்றுக் கடைக்காரர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆகவே அவை வீட்டிலேயே தங்கி, பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகி, பிறகு மறக்கப்பட்டுவிடுகின்றன.

அந்த டப்பாவின் சொந்தக்காரர் மறையும்போதுதான் கேள்வி எழுகிறது. எங்கள் வாப்பா வஃபாத்தானபின், வீடு, நிலம், வங்கிக் கணக்கு என எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகு, நாணய டப்பா மட்டும் நடுக்கூடத்தில் எஞ்சி நின்றது. "இதில் என்ன இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்" என்றார் காக்கா. லாத்தாவின் மகனோ கைப்பேசியில் வந்த ஒரு செய்தியைக் காட்டி, ஒரு காசே பல இலட்சம் போகும் என்றான். இதற்கிடையில் பழம்பொருள் வாங்கும் ஒருவர் கேள்விப்பட்டு வந்து, டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, மொத்தமாக 2,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்.

ஒன்றுமில்லை, பல இலட்சம், இரண்டாயிரம் என்ற இந்த மூன்று மதிப்பீடுகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூவரில் ஒருவரும் டப்பாவுக்குள் இருந்த காசுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கவில்லை. விலை தெரியாத பொருளைப் பங்கு வைக்க இயலாது. வாரிசுரிமை என்பது பெரிய சொத்துக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று. குறைந்ததாயினும் மிகுந்ததாயினும் பங்கு உண்டு என்பதே இறைக் கட்டளை. எனவே உம்மாவையும் எங்கள் ஐவரையும் கேட்டு, காசுகளை முறையாகப் பிரித்து, மதிப்பிட்டு, விற்றுப் பங்கிடுவதென்று முடிவு செய்தோம். அதில் நாங்கள் அறிந்துகொண்டவை இதே டப்பாவை வைத்திருக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

மூன்று குவியல்கள்

வெளிநாட்டு நாணயங்களை முதன்முதலாக விற்க முனைபவர் செய்ய வேண்டிய முதல் வேலை விற்பதன்று, பிரிப்பது. ஒரு வெள்ளைத் துணியை விரித்து நாடு வாரியாகப் பிரியுங்கள். பிறகு ஒவ்வொரு நாட்டின் காசையும் மூன்று குவியல்களாக்குங்கள்: இன்றும் அந்நாட்டுக் கடைவீதியில் செல்லுபடியாகும் பணம், செல்லாமல் போனாலும் சேகரிப்பாளர் விரும்பக்கூடியது, இரண்டிலும் சேராத சாதாரணச் சில்லறை.

முதற்குவியலைத்தான் பலர் கவனிப்பதில்லை. சிங்கப்பூரின் 1 டாலர் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1987 முதல் வந்த பொன்னிறக் காசும், 2013இல் வந்த இருநிறக் காசும் இன்றும் அங்கே பணம்தான். ஒன்றுக்கு நம் பணத்தில் 60 ரூபாய்க்கு மேல் பெறும். இதை நாணய வியாபாரியிடம் பத்துக்கும் இருபதுக்கும் கொடுப்பது, கையில் உள்ள பணத்தைக் குறைந்த விலைக்கு விற்பதாகும். இதற்கு நேர்மாறானது மலேசியாவின் 1 ரிங்கிட் நாணயம். ஒரு பக்கம் கிரிஸ் என்னும் மலாய்க் குத்துவாள் பொறித்த அந்தப் பொன்னிறக் காசு 1989இல் வந்தது. 2005 டிசம்பர் 7 முதல் அது செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அடுத்தடுத்த இரு நாடுகள், நிறத்தில் ஒத்த இரு காசுகள். ஒன்று பணம், மற்றொன்று பொருள்.

ஐரோப்பாவிலும் இப்படியே. பிரித்தானியாவின் பழைய வட்ட வடிவ 1 பவுண்ட் நாணயம் 2017 அக்டோபர் 15க்குப் பிறகு கடைகளில் செல்லாது. காரைக்கால் பக்கத்துக் குடும்பங்களில் காணப்படும் பிரெஞ்சு பிராங்க் நாணயங்களை மாற்றும் கெடு 2005 பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. ஜெர்மனியின் மார்க்கையோ அந்நாட்டு மத்திய வங்கி காலவரம்பின்றி யூரோவாக மாற்றித் தருகிறது. ஒவ்வொரு நாட்டின் மத்திய வங்கியும் எது செல்லும், எது செல்லாது என்பதைத் தன் இணையதளத்தில் தெரிவிக்கிறது. விலை பேசுமுன் அதைப் பார்ப்பது கால் மணி நேர வேலை.

செல்லுபடியாகும் காசுகளுக்கு மிகச் சிறந்த வழி, அந்நாட்டுக்குப் போகும் குடும்பத்தவரிடம் கொடுத்தனுப்புவதே. சட்டத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை: வெளிநாட்டு நோட்டுகளை வைத்திருக்க நம் நாட்டில் வரம்பு உண்டு, நாணயங்களை வைத்திருக்க வரம்பு இல்லை. ஆனால் காசுமாற்றைத் தொழிலாகச் செய்வதற்கு ரிசர்வ் வங்கியின் உரிமம் தேவை.

காசைப் படித்தல்

இரண்டாம் குவியலைப் பிரிக்க, காசைப் படிக்கத் தெரிய வேண்டும். நாடு, மதிப்பு, ஆண்டு ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். வளைகுடா நாணயங்களில் ஆண்டு அறபு எண்களில் இருப்பதால் மற்றவர்கள் திணறுவார்கள். குர்ஆன் ஓதும் நம் பிள்ளைகளுக்கோ வசன எண்களின் வழியே அந்த எண்கள் பழக்கமானவை. பழைய சவூதி ஹலாலாக் காசுகளில் ஹிஜ்ரி ஆண்டு மட்டுமே இருக்கும். அதை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு வந்துவிடும். 1408 என்றிருந்தால் 1987, 88ஆம் ஆண்டுவாக்கு. எங்கள் வீட்டில் இந்தப் பணியைப் பத்து வயதுப் பேரப்பிள்ளைகள்தான் செய்து முடித்தார்கள்.

ஆண்டையும் அளவையும் பார்ப்பது ஏன் முக்கியம்? அமீரகத்தின் 1 திர்ஹம் காசில் காப்பிக் கூஜாவாகிய தல்லா பொறிக்கப்பட்டிருப்பதை அனைவரும் அறிவர். 1973இல் முதன்முதலாக வெளிவந்தபோது அது 28 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் அகலமுள்ள பெரிய காசு. 1995இல் 24 மில்லிமீட்டராகச் சிறுத்தது. அதே ஆண்டில் 50 ஃபில்ஸ் ஏழு பக்கங்கள் கொண்டதாக மாறியது. படம் ஒன்றே என்று இரண்டையும் ஒரே குவியலில் போட்டால், சேகரிப்பாளர் தேடும் பழையது சில்லறையோடு சில்லறையாகப் போய்விடும். பின்னாளில் அமீரகம் பல நிகழ்வுகளுக்கு நினைவு திர்ஹங்களையும் வெளியிட்டது. தல்லாவுக்குப் பதிலாக வேறு படமோ சின்னமோ தென்பட்டால் அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

பிரித்தானியாவிலிருந்து ஒரு சான்று கூறலாம். 2009இல் லண்டனின் கியூ தாவரத் தோட்டத்தை முன்னிட்டு, சீனக் கோபுரம் பொறித்த 50 பென்ஸ் நாணயம் வந்தது. வெளியிடப்பட்டவை 2,10,000 மட்டுமே. கோடிக்கணக்கில் காசு அடிக்கும் ஒரு நாட்டில் இது மிகச் சிறிய எண். ஆகவே இன்று அது முகமதிப்பைப் போலப் பல மடங்கு விலைக்குப் போகிறது. அதே வடிவம் 2019இல் நினைவு வெளியீடாக மறுபடியும் வந்தது. ஆண்டைப் படிக்காதவர் இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஏமாறவும் கூடும், ஏமாற்றவும் கூடும். ஒரு காசு பழையதா என்பதைவிட எத்தனை அடிக்கப்பட்டது, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்பவைதாம் விலையை முடிவு செய்கின்றன.

இந்த விவரங்களை அறிய நூமிஸ்டா என்னும் இலவச இணையப் பட்டியல் மிகவும் உதவும். ஒவ்வொரு காசின் உலோகம், எடை, அகலம், அடிக்கப்பட்ட எண்ணிக்கை ஆகியவை அதில் உண்டு. வியாபாரிகள் கே.எம். எண் என்று குறிப்பிடுவது, கிராஸ், மிஷ்லர் ஆகிய இருவர் தொகுத்த அச்சுப் பட்டியலின் வரிசை எண்ணாகும். அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் பேச்சில் குழப்பம் வராது.

வெள்ளி இருக்கிறதா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. கடந்த ஐம்பது ஆண்டுகளில் புழக்கத்துக்கு வந்த காசுகள் பெரும்பாலும் செம்பு நிக்கல், பித்தளை வகை, அல்லது முலாம் பூசிய எஃகு. அமெரிக்காவின் 10, 25 சென்ட் காசுகள் 1964 வரையிலும், பிரித்தானியாவின் வெள்ளைக் காசுகள் 1946 வரையிலும் வெள்ளி கலந்தவை. காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளிக் காசன்று. ஒட்டாவிட்டால் வெள்ளி என்று முடிவு கட்டவும் கூடாது, செம்பு நிக்கலும் ஒட்டாது. சிறு மின்னணுத் தராசில் எடை பார்த்துப் பட்டியலோடு ஒப்பிடுவதே நம்பத்தக்க வழி.

துலக்காதீர்கள்

விற்கப்போகும் பொருளைப் பளபளப்பாக்குவது நம் இயல்பு. பித்தளை அண்டாவைத் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் இட்டுக் காசைத் தேய்த்தால் அதன் மேற்பரப்பில் நுண்கீறல்கள் விழும். சேகரிப்பாளர் உருப்பெருக்கியில் அதை உடனே கண்டுபிடிப்பார். விலை பாதிக்கும் கீழே இறங்கும். காலத்தால் படிந்த மங்கல் குறையாகக் கருதப்படுவதில்லை, தேய்த்த பளபளப்பே குறை. காசை ஓரத்தில் பிடியுங்கள். நல்லவற்றை அதற்கென்று விற்கும் அட்டை உறைகளில் இடுங்கள். மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் பச்சை நிறப் பிசுக்கை உண்டாக்கிக் காசைக் கெடுக்கும்.

விலை எங்கே கிடைக்கிறது?

இணையத்தில் ஒரு காசை ஒருவர் 50,000 ரூபாய் என்று குறித்து வைத்திருக்கலாம். அது அவருடைய ஆசை. அக்காசு உண்மையில் எவ்வளவுக்கு விற்று முடிந்தது என்பதே விலை. ஏல இணையதளங்களில் முடிந்த விற்பனைகளை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி உண்டு. ஐந்தாறு விற்பனைகளைப் பார்த்து நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள விலையும் சேகரிப்பாளர் கொடுக்கும் சில்லறை விலை. வியாபாரி அதில் பாதியோ அதற்கும் குறைவோ தருவார். கடை வாடகை, காத்திருப்பு, இலாபம் அவருக்கு உண்டு; அதில் தவறில்லை.

பல இலட்சம் தருவதாக வரும் செய்திகள் வேறு வகை. "உங்கள் காசை வாங்கிக்கொள்கிறோம், அதற்கு முன் பதிவுக் கட்டணம், வரி, ரிசர்வ் வங்கிக் கட்டணம் செலுத்துங்கள்" என்று தொடங்கி, விற்க வந்தவரிடமிருந்தே பணம் பறிப்பது அதன் வழக்கம். தன் பெயரைப் பயன்படுத்தி நடக்கும் இந்த மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. இத்தகைய கொடுக்கல் வாங்கலில் தான் ஈடுபடுவதில்லை, யாருக்கும் அனுமதி கொடுத்ததுமில்லை என்று தெளிவுபடுத்தியது. ஒரு விதியை நினைவில் வையுங்கள்: விற்பவர் பணம் பெறுவார், கொடுக்க மாட்டார். கைப்பேசியில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் எதையும் இட வேண்டியதில்லை; இடச் சொன்னால் அது உங்கள் கணக்கிலிருந்து எடுப்பதற்கே.

வீடு தேடி வந்து மொத்த விலை கூறுபவரை என்ன செய்வது? சந்தை நிலவரம் அறியாத வணிகக் கூட்டத்தாரைச் சந்தைக்கு வரும் வழியிலேயே எதிர்கொண்டு சரக்கை வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விலை தெரியாதவனின் அறியாமை இலாபமாக்கப்படக் கூடாது என்பதே அதிலுள்ள நீதி. "பார்த்துப் பிரித்த பிறகு சொல்கிறோம்" என்று மரியாதையாகத் திருப்பியனுப்ப விற்பவருக்கு உரிமை உண்டு. நாங்கள் அவ்வாறே செய்தோம். அவர் வருத்தப்படவில்லை, பிறகு மூன்றாம் குவியலை வாங்கியவரும் அவரேதான்.

சொல்ல வேண்டியதைச் சொல்லி விற்பது

அதே நீதி நம்மையும் கட்டுப்படுத்தும். சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கைவிட்டு ஈரத்தைக் கண்டு, நனைந்ததை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வியாபாரியைக் கண்டித்த செய்தியை நாம் ஜும்ஆப் பயான்களில் கேட்டிருக்கிறோம். நாணய விற்பனையில் அந்த ஈரம் பல உருவங்களில் வரும்: ஓரத்து வெட்டு, ஆபரணமாக்கிய துளையின் அடையாளம், துலக்கிய கீறல். காசின் இரு பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின்மீது வைத்துப் படமெடுங்கள். குறையை மறைக்கும் கோணத்தைத் தேடாதீர்கள். புழங்காதது என்று எழுதுமுன் மேடான பகுதிகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஐயமிருந்தால் ஒரு படி குறைத்தே எழுதுங்கள். ஏலத்தில் விலையை ஏற்ற, வாங்கும் எண்ணமற்ற நண்பரை விலை கேட்கச் செய்வது மார்க்கம் தடுத்த நஜ்ஷ் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பணம் பெறும் முறையிலும் ஒரு கவனம் தேவை. இன்றைய நாடுகளின் பணங்களைத் தங்கம், வெள்ளியின் இடத்தில் வைத்தே தற்கால மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் நோக்குகின்றனர். எனவே செல்லுபடியாகும் வெளிநாட்டுக் காசை ரூபாய்க்கு மாற்றும்போது இரு கைகளும் ஒரே அமர்வில் நிறைவடைய வேண்டும், தவணை கூடாது. வெள்ளிக் காசுக்கும் இதே கவனம் பொருந்தும். செல்லாததாகிவிட்ட செம்பு நிக்கல் காசு, மற்றப் பொருள்களைப் போன்ற ஒரு பொருளாகிவிடுகிறது. உங்கள் காசு எந்த வகை என்பதில் ஐயம் வந்தால் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே விற்பது? பெரிய நகரங்களில் நாணயச் சேகரிப்பாளர் சங்கங்கள் கண்காட்சிகள் நடத்துகின்றன. புதியவருக்கு அதுவே நல்ல இடம். நேரில் காட்டி, மூவரிடம் விலை கேட்டு, அங்கேயே பணம் பெறலாம். இணையத்தில் விற்றால் உள்நாட்டு வாங்குவோரோடு தொடங்குங்கள். காசு குலுங்காதபடி அட்டைக்கிடையில் ஒட்டி, கண்காணிப்பு எண் தரும் அஞ்சலில் அனுப்புங்கள். நூறாண்டு கடந்த நாணயங்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முயலக் கூடாது. தனித்தனியே விலை போகாத மூன்றாம் குவியலைக் கிலோக் கணக்கில் வாங்குவோர் உண்டு.

அறுபத்துநான்கு பங்கு

எங்கள் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். சிங்கப்பூர்க் காசுகள் அன்றைய மதிப்பில் 3,400 ரூபாய். அங்கே பணிபுரியும் தம்பி அவற்றைத் தன் பங்கில் வரவு வைத்து, மிகுதியை அதே அமர்வில் ரூபாயாக வைத்தார். இன்று புழங்கும் திர்ஹங்கள் 900 ரூபாய். துபாயில் கணவரோடு வசிக்கும் தங்கை அவ்வாறே எடுத்துக்கொண்டார். சேகரிப்பாளருக்கு உரியவை 1,500. எஞ்சிய சில்லறை, எடைக்கு 600. ஆக மொத்தம் 6,400 ரூபாய்.

வாப்பாவின் பெற்றோர் முன்பே மறைந்துவிட்டதால் உம்மாவுக்கு எட்டில் ஒன்று, மிச்சம் மூன்று ஆண் மக்களுக்கும் இரண்டு பெண் மக்களுக்கும் இரண்டுக்கு ஒன்று என்ற முறையில். அறுபத்துநான்கு பங்காக்கினால் உம்மாவுக்கு 8, ஆண் மக்கள் ஒவ்வொருவருக்கும் 14, பெண் மக்கள் ஒவ்வொருவருக்கும் 7. ரூபாயில் 800, 1,400, 700. உம்மா தம் பங்கில் ஒரு பகுதிக்குப் பழைய பெரிய திர்ஹம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்; மற்ற ஐவரின் சம்மதத்தோடு, சேகரிப்பாளர் சொன்ன அதே விலைக்கு.

ஆறாயிரத்து நானூறு ரூபாய்க்கு இத்தனை உழைப்பா என்று சிலர் கேட்டார்கள். மூன்று வெள்ளிக்கிழமை மாலைகள் ஆயின. அந்த மாலைகளில் வாப்பா எந்த ஆண்டில் எந்த ஊரில் இருந்தார் என்பதைப் பேரப்பிள்ளைகள் காசுகளின் ஆண்டை வைத்தே வரிசைப்படுத்தினார்கள். நிலத்தைப் பங்கிட்டபோது சற்று உரத்த குரல்கள், காசுகளை எண்ணியபோது தணிந்தன. சிறியதில் கணக்குப் பார்த்துப் பழகாத குடும்பம் பெரியதில் நீதி செய்வது கடினம் என்பதை நாங்கள் அங்கே கண்டோம்.

உங்கள் வீட்டு டப்பாவில் இலட்சம் இருக்க வாய்ப்புக் குறைவு. ஒன்றுமே இல்லாமலிருக்கவும் வாய்ப்புக் குறைவு. உள்ளதை உள்ளபடி அறிந்து, உள்ளபடி சொல்லி விற்று, உரியவருக்கு உரியதைச் சேர்த்துவிடுங்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பது நபிமொழியின் கருத்து. அந்தப் பரக்கத்தை நம் அனைவரின் கொடுக்கல் வாங்கலிலும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.